இடப்பக்கத்தில் யாரும் நிற்பதில்லை

கோகிலவாணி இடது பக்கம் போய் நின்றுவிட்டாள். ஆடி மழையில், காலை ஏழு மணிக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நின்றிருந்த நாற்பது பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். மேலே மருந்தகத்துத் திண்டில் உட்கார்ந்து ஊசியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த நானும், எஸ்டேட் கம்பவுண்டர், எழுந்து நின்றுவிட்டேன். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. தலையில் மழைக்குப் போட்ட சாக்குக் கொங்காணி, கையால் முதுகைத் தாங்கியபடி நிற்கிறாள். இந்த எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அங்கே நிற்கக் கூடாது என்று தெரியாதா? பெரட்டில் வேலைக்குப் போகிறவர்கள் நடுவில் வரிசை கட்டி நிற்க வேண்டும். உடம்புக்கு முடியாதவர்கள் வலது பக்கம் தனியாக நிற்க வேண்டும். இடது பக்கம் காலி. மூன்று வருஷமாக அங்கே ஒரு நாய் படுத்தால்கூடப் பழனியாண்டிக் கங்காணி கல்லைத் தூக்கிவிடுவார்.

"யாரு அது அங்க நிக்கிறது?" என்றார் கங்காணி. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் கேட்டால்தான் பயப்பட வேண்டும்.

இந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாங்கள் இருப்பது ஓவேலிக்கு மேலே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாலு மைல் ஏறி வர வேண்டிய தோட்டம். குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூளைக் கேட்க ஆளில்லாமல் போன பிறகு முதலில் ஃபாக்டரி நின்றது. போன மார்கழியில் மானேஜர் துரை குடும்பத்தோடு கிளம்பினார். போகும்போது சாவிக்கொத்தைக் கங்காணி கையில் கொடுத்து, "பாத்துக்குங்க பழனியாண்டி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் பட்டாபிஷேகம். ஆபீஸ், ஜீப்பு, கேட்டுச் சங்கிலி, என் மருந்து அலமாரி எல்லாம் அந்தக் கொத்தில் அடக்கம். பறிக்காத தேயிலை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாகிக்கொண்டிருக்கிறது. அந்தக் காட்டுக்குள் களை எடு, தண்ணீர் ஓடக் கான் வெட்டு என்று தினமும் ஆளை அனுப்புவார். எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் வாயில்லை. பெரட்டுக்கு வராவிட்டால் பேர் வெட்டு. பேர் வெட்டுப்பட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு போய்விடும். வீடு போனால் எங்கே போவது? ஒரு தடவை இலங்கையிலிருந்து மூட்டை கட்டிக் கப்பலேறி வந்த சனம். இன்னொரு தடவை மூட்டை கட்ட அவர்களுக்குத் தெம்பில்லை. கங்காணியும் அந்தக் கப்பலில் வந்தவர்தான். அதனால்தான் எந்த இடத்தில் கிள்ளினால் வலிக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது அவருடைய சீட்டுச் சட்டம். உடம்பு சரியில்லாதவர்கள் நேராக என்னிடம் வரக் கூடாது. பெரட்டில் வந்து நின்று அவரிடம் காட்ட வேண்டும். நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணின் கீழ்ரெப்பையை இழுத்துப் பார்ப்பார், கழுத்தில் புறங்கையை வைப்பார். நோய் என்று அவர் மனசுக்குப் பட்டால் ஒரு துண்டுச் சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டு இருந்தால்தான் நான் கதவைத் திறக்கலாம். இல்லாவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். கொழுந்து அதிகமான காலத்தில் பொய்க் காய்ச்சல் சொல்லிப் படுத்துக்கொள்கிறார்கள் என்று ஏதோ ஒரு துரை போட்ட சட்டம் இது. துரைமார் மறந்துபோன பிறகும் கங்காணி மறக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, என் தெர்மாமீட்டர் தப்பினாலும் அவர் புறங்கை தப்பாது. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. ஒரே ஒரு தடவைதான் தப்பியது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆனி மாதம். அப்போது விலை நன்றாக இருந்த நேரம், செடியெல்லாம் கொழுந்து, துரை ஆள் ஆள் என்று பறக்கிறார். அன்றைக்கு ஐந்து பெண்கள் சீட்டுக்கு நின்றார்கள். ஐந்து பேரையும் கங்காணி விரட்டிவிட்டார். ஆறாவதாக, அந்த வரிசையின் கடைசியில், அவர் பெண்டாட்டி தெய்வம்மா நின்றாள். உடம்புக்கு முடியாதவர்கள் அப்போது நின்றது இடது பக்கம். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் ஒரு நாள்கூட அங்கே வந்து நின்றதில்லை. களமே வேடிக்கை பார்த்தது. விரட்டப்பட்ட ஐந்து பேரும் கூடையோடு திரும்பி நின்று பார்த்தார்கள். கங்காணி அவள் முகத்தைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லவில்லை. கழுத்தில் கை வைக்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் பெண்டாட்டியைத் தொட்டுப் பார்த்து நோய் என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. "போய்க் கூடைய எடு" என்றார். அவள் எடுத்தாள். பதினோரு மணிக்கு நாலாம் நம்பர் மலையில், தேயிலைத் தூர்களுக்கு நடுவே மல்லாக்கக் கிடந்தாள். மாரடைப்பு. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கை ஜில்லிட்டிருந்தது, கொழுந்து பாதிக் கூடைக்கு மேல் நிறைந்திருந்தது.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது.

கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிற வழியில் தெய்வம்மா அக்கா என் வாசலுக்கு வந்தாள். கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே மேசையில் உட்கார்ந்து மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது படியில் நின்று, "கம்பவுண்டரையா, நெஞ்சு கரிக்கிதுங்க. இடது கையத் தூக்க ஏலாம இருக்கு" என்றாள். நான் தலையைத் தூக்காமல், "சீட்டு இருக்குங்களா அக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். இந்த வாய் இருக்கிறதே, சும்மா இருக்குமா? "உங்கூட்டுச் சட்டம்தானுங்களே அக்கா, நான் என்ன பண்றது?" என்று ஒரு கிண்டல் வேறு செய்தேன். அவள் சிரித்தாள். கெட்டிக்கார நர்ஸ் ஒருத்தி அங்கே இருந்திருந்தால் அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயைப் பிடித்திருப்பாள். நான் பரீட்சை எழுதித் தேறிய கம்பவுண்டர் இல்லை. பழைய கம்பவுண்டரிடம் பாட்டில் கழுவிக் கற்றுக்கொண்டவன். வெளியே எந்த ஆஸ்பத்திரியும் என்னை வாசல் கூட்டக்கூட எடுக்காது. கங்காணியைப் பகைத்துக்கொள்ள எனக்கு எங்கே தைரியம்? அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு மேலே ஏறியதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு மாத்திரையைத்தான் எண்ணினேன், சண்டாளன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் வழக்கம்போலத் தண்டவாளத் துண்டை அடித்துப் பெரட்டுக் கூட்டினார் கங்காணி. நோயாளிகள் இனி வலது பக்கம் நிற்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் சொன்னார். காரணம் சொல்லவில்லை. பேர் கூப்பிடும்போது பாதியில் நிறுத்தி இடது பக்கம் பார்ப்பார். காலி இடத்தைப் பார்ப்பார். யாரோ பதில் சொல்லக் காத்திருப்பதுபோல் நிற்பார். பிறகு அடுத்த பேரைக் கூப்பிடுவார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷம், மழையோ பனியோ ஒவ்வொரு காலையும் இப்படித்தான். சாவு ஒரு மனுஷனை இளக்கும் என்பார்களே, இவரை அது இறுக்கியது. அதற்கு முன் பத்துப் பேர் கேட்டால் நாலு பேருக்காவது சீட்டு எழுதுவார். அதற்குப் பின் எழுதவே இல்லை. காய்ச்சலில் நடுங்குகிறவளிடம் மலைக்குப் போனால் சூடு இறங்கும் என்பார். சீட்டு இல்லாததால் என் மருந்தகத்துக்கு ஈயடிக்கிற வேலைதான். வெறிபிடித்த ஆள் என்று லயத்தில் காறித் துப்பினார்கள். அவர் காதுபடத் துப்ப மட்டும் ஆளில்லை.

ஏன் இப்படி என்று எனக்கு ஒரு நாள் தெரிந்தது. பிரஷர் பார்த்துக்கொள்ள வந்த கங்காணி சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டே, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார். "இப்ப ஒருத்திக்கு எழுதிக் குடுத்தேன்னு வைங்க கம்பவுண்டரே. அப்ப அவளுக்கும் எழுதியிருக்கலாம்ல? சட்டம் சட்டமாவே இருந்தாத்தான் அது சட்டம். இல்லன்னா அது வேற ஒண்ணா ஆயிரும்." அந்த வேறு ஒன்று என்ன என்று அவர் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மனுஷன் ஒரு கூண்டைக் கட்டி அதற்குள் தானே உட்கார்ந்திருக்கிறார், கூடவே நாற்பது குடும்பத்தையும் உள்ளே இழுத்துப் பூட்டிவிட்டார். ஒரு சீட்டு எழுதினால் கூண்டு திறந்துவிடும். திறந்தால் அவர் கொலைகாரர். கொலையில் பாதிப் பங்கு என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. சொல்லவேண்டும் என்று நூறு தடவை நினைத்தேன். நூறு தடவையும் மாத்திரையைத்தான் எண்ணினேன்.

இப்போது கோகிலவாணி அந்த இடத்தில் நிற்கிறாள்.

"காது கேக்கலயா? அந்தப் பக்கம் தள்ளி நில்லு!" கங்காணி கத்தினார். கையிலிருந்த பேர்ப் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

அவள் குரல் வந்த திசையைத் தேடி முகத்தைத் திருப்பினாள். "எந்தப் பக்கம்னு தெரியலைங்க கங்காணி. கண்ணு மங்கலா இருக்கு. தலைய இடிக்குது."

கண் மங்கல் என்ற சொல் காதில் விழுந்ததும் பிரஷர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். சீட்டாவது மண்ணாவது. முகம் வீங்கியிருந்தது. காலை அழுத்தினால் விரல் பள்ளமாகப் பதிந்தது. நூற்றுத் தொண்ணூறுக்குப் போனது பிரஷர். அவள் மாமியார் விஜயா வரிசையை விட்டு ஓடிவந்து கங்காணியின் கால்மாட்டில், சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். மகன் பாலன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் நாலு மாதம் ஆகிறது, வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். "கும்புடுறேங்க கங்காணி. தலப்புள்ளைங்க. ஜீப்புல கூடலூருக்கு அனுப்பி வைங்க. உங்க காலத் தொட்டுக் கேக்கிறேன்."

கங்காணி விஜயாவைப் பார்க்கவில்லை. கோகிலவாணியையும் பார்க்கவில்லை. அவள் கால்கள் நின்ற மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சீட்டு இல்லாம ஜீப்பு போகாது" என்றார். "அப்போ சீட்டு எழுதுங்க" என்றேன் நான். களத்தில் அப்படிப் பேசியது என் வாயா என்று எனக்கே சந்தேகம். அவர் விறுவிறு என்று ஆபீசுக்குள் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

உள்ளே பூஞ்சை நாற்றம். தகரக் கூரையில் மழை கொட்டியதால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சன்னல் பக்கம் நின்றார்.

"வெளிய போங்க கம்பவுண்டரே."

"ஏனுங்க கங்காணி, உங்களுக்கு மனசுங்கிறதே இல்லீங்களா? இன்னும் செத்த நேரத்துல அந்தப் புள்ளைக்கு வலிப்பு வந்துரும். வந்தா ரெண்டு உசுரும் போயிரும். பத்தரை மணி பஸ்ஸுக்கு நாலு மைலு அவளால எறங்க முடியாதுங்க. சாவியக் குடுங்க."

"சாயங்காலம் பாப்போம்."

"சாயங்காலம் என்னத்தப் பாக்கறது? குழி வெட்ட எடம் பாக்கறதுங்களா?"

அவர் திரும்பினார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். "அவ எதுக்கு அங்க வந்து நிக்கிறா?" என்றார். "அந்த எடத்துல எதுக்கு வந்து நிக்கிறா? யாரு சொல்லி அனுப்புனது?" கண் இரண்டும் சிவந்து நீர் கோத்திருந்தது. இந்த மனுஷனிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று அப்போது எனக்குப் பட்டது. நியாயம் பேசினால் அவர் இன்னும் ஒரு பூட்டைப் பூட்டுவார். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் இன்றோடு என் பிழைப்புப் போச்சு, உயிரே போனாலும் போகலாம்.

"கங்காணி, அன்னிக்குத் தெய்வம்மா அக்கா எங்கிட்ட வந்தாங்க."

மழை கொட்டிக்கொண்டே இருந்தது. அவருக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். கேட்டிருந்தது.

"எப்ப?"

"நீங்க கூடைய எடுன்னு சொன்ன பொறவு. மலைக்குப் போற வழியில. என் வாசல்ல வந்து நின்னாங்க."

"சீட்டு இல்லாமயா?"

"சீட்டு இல்லாமத்தானுங்க."

"என் பெரட்டுல இருந்து போயி, சீட்டு இல்லாம உங்க வாசல்ல நின்னாளா?" கழுத்து நரம்பு புடைத்தது. அடப்பாவி மனுஷா, செத்துப்போனவள் சட்டத்தை மீறிவிட்டாள் என்பதா இப்போது உனக்குக் கோபம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையில் ஓங்கி அறைந்தேன்.

"நின்னாங்க! நெஞ்சு கரிக்குது, இடது கை தூக்க முடியலைன்னு சொன்னாங்க. நான்தான் சீட்டுக் கேட்டேன். உங்கூட்டுச் சட்டம்தானுங்களே அக்கான்னு கேலி பேசித் திருப்பி அனுப்புனேன். மூணு வருசமா நீங்க ஒருத்தரே கொன்னீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறீங்க. நீங்க மட்டும் இல்லீங்க. நானுந்தான். இன்னிக்கு ரெண்டாவது சாவா அந்தப் புள்ளையச் சேத்தாதீங்க."

அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு, அவர் வாயில் நான் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில், "என்னா சொன்னா?" என்று கேட்டார். "போகும்போது என்னா சொன்னா?"

அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மூன்று வருஷம் விழுங்கி வைத்தது, பாதியைக் கக்கிவிட்டுப் பாதியை எப்படி வைத்துக்கொள்வது?

"'நான் வந்தேன்னு அவருக்கிட்ட சொல்லிறாதீங்க. நாலு பேரு முன்னுக்கு அவரு பேச்சு கெட்டுப்போயிரும்'னு சொன்னாங்க."

கங்காணி அழவில்லை. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்தார். ஜீப்புச் சாவியைத் தனியாகக் கழற்றப் பார்த்தார். விரல் கேட்கவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, கொத்தோடு மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

டிரைவர் பொன்ராஜ் ஜீப்பைக் கிளப்பினான். விஜயா பின்னால் ஏறி மருமகளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். கேட்டுச் சங்கிலியை நானே திறந்தேன். திரும்பிப் பார்த்தபோது பெரட்டுக் களத்தில் எல்லோரும் அப்படியே நின்றிருந்தார்கள். கங்காணி ஆபீசுக்குள் இருக்கிறார், பேர் கூப்பிட ஆளில்லை, கலைந்து போகச் சொல்லவும் ஆளில்லை. கொட்டுகிற மழையில் வரிசை குலையாமல் நின்றார்கள். போங்கப்பா வீட்டுக்கு என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை.

வழியிலேயே கோகிலவாணிக்கு ஒரு தடவை வெட்டி இழுத்தது. வாயில் துணியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். கூடலூரில் ஊசி போட்டு, அங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று ஆம்புலன்சில் ஊட்டிக்கு அனுப்பினார்கள். "இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா இங்க கொண்டு வந்திருக்கவே வேணாம்" என்று டாக்டரம்மா என்னைக் கடிந்தாள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, "ராத்திரி தாண்டட்டும்" என்றாள். விஜயா ஆம்புலன்சில் ஏறும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையைப் பிடுங்கிக்கொண்டேன். அந்த மரியாதைக்கு நான் ஆளில்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

திரும்பி வரும்போது மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. களம் காலியாக இருந்தது. கங்காணி ஆபீசில் இல்லை. மருந்தகத்துக்கு வந்தால், முன்னால் மழையில் நின்றுகொண்டிருக்கிறார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. சாவிக்கொத்தை நீட்டினேன். வாங்கவில்லை. கோகிலவாணியைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"எங்கன நின்னா?" என்று கேட்டார்.

தெய்வம்மா அக்காவைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. "இந்த ரெண்டாவது படியிலீங்க."

"கதவு?"

"பாதி சாத்தியிருந்துச்சுங்க."

"நீங்க?"

"உள்ள. மேசைகிட்ட."

"போய் ஒக்காருங்க."

இருபது வருஷமாக அந்தக் குரல் சொன்னதைச் செய்த உடம்பு. உள்ளே போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து அவரே கதவைப் பாதி சாத்தினார். இரண்டாவது படியில் செருப்பு ஏறும் சத்தம் கேட்டது.

"கம்பவுண்டரையா" என்றார். "நெஞ்சு கரிக்கிதுங்க."

அன்றைக்கு நான் சொன்னதைச் சொல்லச் சொல்கிறாரா, சொல்லாமல் விட்டதைச் சொல்லச் சொல்கிறாரா? இல்லை, இந்த மனுஷனுக்கு நிஜமாகவே நெஞ்சு வலிக்கிறதா? எழுந்திருக்க வேண்டும் என்று கையை மேசையில் ஊன்றினேன். திறந்திருந்த பாதிக் கதவு வழியாகப் பாதிக் கங்காணி தெரிந்தார். ஒரு தோள், தண்ணீர் சொட்டும் ஒரு சட்டைக்கை, படியில் ஒரு கால். நாக்கை வெளியே நீட்டியிருந்தார், நான் பார்ப்பதற்காக.